நேர்ச்சைக்கு விட்ட காட்டுச்சேவல்

என் தாய்மாமாவுக்கு வேட்டைச் சட்டம் முழுவதும் மனப்பாடம் என்றுதான் பத்து வயது வரை நான் நம்பியிருந்தேன். காட்டுக்கோழிக்கு ஐப்பசி பிறந்தால் அனுமதி, தை முடிந்தால் தடை. மிளா மான் என்றால் கொம்புள்ள ஆணை மட்டும்தான் சுடலாம், குட்டியோடு நிற்கும் பெண் மிளாவை ஏறிட்டுப் பார்த்தாலே அபராதம். கௌதாரி ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு. ஐந்தாவது விழுந்தால் அது சர்க்காருக்கு. சோற்றில் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே மாமா இதையெல்லாம் சொல்வார், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

மாமா சவுதியில் ஒரு பெரிய மனிதரிடம் ஏழு வருடம் வண்டி ஓட்டியவர். அந்த முதலாளி ராஜாளியைக் கையில் வைத்துக்கொண்டு பாலைவனத்தில் வேட்டைக்குப் போவாராம். சீசன், பெர்மிட் எல்லாம் முறைப்படி உண்டாம். அங்கே காதில் விழுந்த சட்டத்துக்கு உப்பும் புளியும் சேர்த்து மாமா எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒருநாள் நான் விடாமல், “மாமாட்ட லைசன்ஸ் உண்டா?” என்று கேட்டேன். அவர் பர்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மாமாவின் படம், சுற்றிலும் அரபு எழுத்து.

“பாத்தியாட்டி? சர்க்கார் முத்திர வரைக்கும் உண்டு.”

அதற்கு மேல் சந்தேகப்படுகிற பிள்ளை இல்லை நான்.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில். ரப்பர் தோட்டமான எங்கள் விளை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். அந்த வருடம் பங்குனியில் மாமா வேலை முடிந்து வந்து, புது விசாவுக்காகக் காத்துக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கிற மனிதருக்குக் கால் சும்மா இருக்குமா? ஒருநாள் விளையோரப் புதரிலிருந்து நாலு காட்டுக்கோழி முட்டையைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் கோழி கறுப்பி அப்போது அடையில் இருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் அந்த நாலையும் தள்ளிவிட்டு, “கிறிஸ்மஸுக்குக் கறி ஆச்சு” என்று அப்பாவிடம் கண்ணைக் காட்டினார். அப்பா சிரித்தார். அம்மா காதில் விழாதது போல அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் என் நேர்ச்சை குறுக்கே வந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறுப்பின் பண்டிகைக்கென்று எதையாவது முன்கூட்டியே நேர்ந்துவிட வேண்டும். ஒரு பிள்ளை காச்சில் கிழங்குக் கொடி, ஒரு பிள்ளை வாழைக்கன்று, ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டி. தானே தண்ணீர் ஊற்றி, தீனி போட்டு வளர்த்து, பண்டிகையன்று கோவிலுக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆராதனை முடிந்து முற்றத்தில் அது ஏலம் போகும். நான் டீச்சரிடம், “எங்க கறுப்பி மொதல்ல பொரிக்கிற குஞ்சு ஆண்டவருக்கு” என்று சொல்லி ஜெபமும் பண்ணியாகிவிட்டது.

காட்டு முட்டை ஏற்கெனவே கொஞ்சம் அடைகாத்த சூட்டோடு வந்ததோ என்னவோ, கறுப்பியின் சொந்த முட்டைகளை முந்திக்கொண்டு அதில் ஒன்றுதான் முதலில் பொரித்தது. மற்ற மூன்றும் கூழ்முட்டையாகப் போயின. முதுகில் கோடு போட்ட அந்தக் குஞ்சைப் பார்த்ததும், காட்டுக்குஞ்சு என்று நாலு பேர் கண்டால் வம்பு என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

“மக்கா, இது வேண்டாம். வேற நல்ல குஞ்சாப் பாத்துக் குடுப்போம். ஆண்டவரு எண்ணிக்கிட்டா இருக்காரு?”

நான் நடுங்கிப் போனேன். அதற்கு முந்தின வாரம்தான் டீச்சர் அனனியா, சப்பீராள் கதையைச் சொல்லியிருந்தார். ஆண்டவருக்கென்று சொன்னதில் கொஞ்சத்தை மறைத்தார்கள், இரண்டு பேரும் நின்ற இடத்தில் விழுந்து செத்தார்கள். அம்மா அடுப்படியில் விழுந்து கிடப்பதை நினைத்து நான் அழுத அழுகையில், அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். எஸ்டேட் துரை மாதிரி அது மற்றக் கோழிகளோடு சேராது. கூட்டில் அடையாது, அயினி மரத்துக் கிளையில்தான் தூங்கும். ஆனால் நான் கரையான் புற்றை உடைத்துக்கொண்டு வந்து நின்றால் என் உள்ளங்கையிலிருந்து கொத்தித் தின்னும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிப் படலையில் காத்துக்கொண்டிருக்கும். புரட்டாசியில் கழுத்துத் தூவலில் மஞ்சள் புள்ளிகள் வரத் தொடங்கின. அதைப் பார்த்து நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது மாமாவுக்கு விசா வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். வீடு கட்டக் கடைக்கால் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தவர் மாமா. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று அவர் ஒருவர்தான். அந்த நாலு நாளும் அம்மா பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

பண்டிகையன்று பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பாவின் அண்ணன். வனக்காவலர், மாவட்டத்தின் மறுகோடி மலையில் வேலை, அங்கேயே குவாட்டர்ஸ், வருடத்துக்கு இரண்டு முறைதான் ஊருக்கு வருவார். சொந்த வீட்டு விறகுக்கும் ரசீது கேட்கிற மனிதர் என்று அவரைக் குடும்பத்தில் கேலி பேசுவார்கள், அவர் இல்லாதபோது.

ஏலம் தொடங்கியது. சபைச் செயலர் படியில் நின்றுகொண்டு பூசணிக்காயையும் செவ்வாழைக் குலையையும் தூக்கிக் காட்டிக் கூவினார். ஓர் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு சம்பந்திகள் மோதிக்கொண்டு ஆடு விலைக்கு ஏற்றினார்கள். அப்புறம் என் கூடை வந்தது. செயலர் மூடியைத் திறந்து துரையைத் தூக்கினார்.

“ஏலே, காட்டுச்சேவலு டேய்!”

அவ்வளவுதான், முற்றம் முழுவதும் நெருங்கி வந்துவிட்டது. விலை குதித்துக் குதித்து ஏறியது. மாமாவும் கையைத் தூக்கினார். “நல்ல மொளகு போட்டு வறட்டினா இருக்கே!” என்று யாரோ எச்சில் கூட்டிக்கொண்டு சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆண்டவருக்கு என்று வளர்த்தேனே தவிர, ஆண்டவர் கையிலிருந்து அது எங்கே போகும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

“ஏலத்த நிறுத்துங்க.”

பெரியப்பா. குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் செயலர் சேவலைத் திரும்பக் கூடைக்குள் வைத்துவிட்டார். “இதக் கொண்டுவந்தது ஆரு?”

“நான்தான் பெரியப்பா.”

“முட்ட எங்கருந்து கிட்டிச்சு?”

“மாமா கொண்டாந்தாவ. வெளைக்க ஓரத்துல இருந்து.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே மருமகள் வாயால் மாமன் கெட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல மாமா நின்றார். செயலர் சமாதானமாக, “முட்டதான சார், வேட்டையொண்ணும் ஆடல்லியே” என்றார்.

“முட்டைய எடுத்தாலும் சட்டத்துல வேட்டைதான்” என்றார் பெரியப்பா.

மாமாவைக் காப்பாற்ற என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. முன்னால் ஓடிப்போய் நின்று கத்தினேன்: “மாமாட்ட லைசன்ஸ் உண்டு பெரியப்பா! நானே பாத்தேன், சவுதி சர்க்கார் முத்திர இருக்கு!”

பெரியப்பா மாமாவிடம் கையை நீட்டினார். மாமா வேறு வழியில்லாமல் பர்சைத் திறந்தார். பெரியப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வண்டி ஓட்டதுக்குள்ளது மக்கா” என்றார். முற்றம் குலுங்கச் சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும்தான் மற்றப் பேச்சு காதில் விழுந்தது. கேஸ் என்றால் பாஸ்போர்ட் முடங்கும், வெள்ளிக்கிழமை விமானம் போச்சு, விசா போச்சு, வீடும் போச்சு. அம்மா பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றாள். “அத்தான்” என்றாள். மதில் ஓரத்தில் எங்களுக்கு அடுத்த விளையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் நின்றிருந்தார். சில வருடங்களுக்கு முன்பு, பெரியப்பா எங்கள் பக்கத்து மலையில் வேலை பார்த்தபோது, ஒரு தேக்குத்தடியோடு அவர் கையிலேயே பிடிபட்டு, கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவர் அவர்.

“சார், எனக்கு ஒரு சட்டம், ஒங்க ஆளுக்கு ஒரு சட்டம் இல்லையே?” என்று கேட்டார்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டீச்சரிடம் ஒரு தாள் வாங்கினார். கோவில் சுவரில் வைத்து எழுதினார். வெகுநேரம் எழுதினார் என்றுதான் எனக்கு ஞாபகம். எழுதியதை உரக்கப் படித்தார். விளையில் பழைய ரப்பர் மரங்களை முறித்தபோது கூடு கலைந்து, தாய்க்கோழி விட்டுப்போன முட்டைகளை எடுத்துக் குழந்தை அடைவைத்தது. பொரித்து வளர்ந்த பறவையை இன்று சபையார் முன்னிலையில் வனத்துறையிடம் தானாக ஒப்படைக்கிறது.

எங்கள் விளையில் அந்த வருடம் ஒரு மரமும் முறிக்கவில்லை. அனனியா, சப்பீராள் நினைவோடு நான் அதைத் திருத்த வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

பெரியப்பா நேரே பால்வெட்டுகாரரிடம் போய்த் தாளையும் பேனாவையும் நீட்டினார். “சாட்சிக் கையெழுத்து நீரு போடும். இஷ்டமில்லேன்னா வேண்டாம். நான் கேஸ் எழுதுகேன்.”

எங்கள் விளையில் மரம் விழவில்லை என்று அந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்காது. தினமும் விடியுமுன்னே அவர் அந்த வழியாகத்தான் போவார். தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக நின்ற என்னைப் பார்த்தார்.

“பிள்ள வளத்ததுதான” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள், என்னைத் தவிர. துரையைப் பெரியப்பா வாங்கிக்கொண்டதும், “அது ஆண்டவருக்குள்ளது! நீங்க களவாணி!” என்று அலறினேன். அந்த நேர்மையான மனிதரை ஊர்க் கூட்டத்தில் களவாணி என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். செயலருக்குச் சமயோசிதம் உண்டு. காலிக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கி, “செரி, ஆண்டவருக்குள்ளது இஞ்ச இருக்கு. ஆரு கேக்கிய?” என்றார். மாமாவும் பால்வெட்டுகாரரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். சேவல் தொட்ட விலையைக் கூடை தாண்டியது. கடைசியில் மாமாதான் எடுத்தார்.

பெரியப்பா போதகர் வீட்டுப் போனில் எங்கள் பக்கத்து ரேஞ்சு அலுவலகத்துக்குப் பேசினார். சாயங்காலம் அங்கிருந்து ஒரு காவலர் வந்தார். பெரியப்பாவோடு மாமாவும் நானும் கூடப் போனோம். விளை முடிந்து, கல்லோடையையும் தாண்டிக் கீழே விட்டபோது துரை போகவில்லை. என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளங்கையைப் பார்த்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது உள்ளே எங்கேயோ ஒரு காட்டுச்சேவல் கூவியது. துரை கழுத்தை நீட்டிக் கேட்டது. இரண்டு எட்டு வைத்தது, நின்றது, அப்புறம் ஈத்தப் புதருக்குள் நுழைந்து போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றி கெட்ட பய.

“அத்தான், நம்ம ஊருல இதுக்கு சீசனே கெடையாதா?” என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

“கெடையாது மாப்பிள. வருசம் பூரா அதுகளுக்க சீசன்தான்.”

மாமா அன்று முதல் முறையாகச் சிரித்தார். வெள்ளிக்கிழமை விமானமும் ஏறினார். இரண்டு வருடத்தில் அவர் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. இப்போதும் விடியற்காலையில் விளைக்கு மேலே காட்டுச்சேவல்கள் கூவும், முன்பைவிட அதிகமாகவே. எல்லாம் துரையின் வாரிசுகள் என்று நான் சொல்லிக்கொள்வேன். இல்லையென்று நிரூபிக்க ஆள் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மலையிறங்கும்போது நான் யாரோடும் பேசவில்லை. கல்லோடையில் வழுக்கும் என்று பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. இருபத்தைந்து வருட வேலையில் அந்தக் கை பொய்யாக எழுதிய ஒரே தாள் அது என்றோ, அது வெளியே வந்தால் அவர் கதி என்ன என்றோ எனக்கு அன்று தெரியாது. சே, வியர்வை ஒட்டுகிறதே என்று வெடுக்கென்று கையை உருவி, பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.