பத்தடி தள்ளி நின்ற நாய்

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அப்பா மருந்து அடிக்கிற நாட்களில், அவர் குளித்து முடிக்கும்வரை எங்கள் நாய் அவர் பக்கமே போகமாட்டாள். குளித்துவிட்டு வந்தால் ஓடிவந்து காலடியில் படுத்துக்கொள்வாள்.

ஒரு வருடம், குளித்த பிறகும் அவள் வரவில்லை. மருந்தே அடிக்காத நாட்களிலும் பத்தடி தள்ளி நின்று அவரையே பார்த்தாள்.

“சோப்புப் போட்டுத்தான குளிச்சீக?” என்று அம்மா கேட்டாள்.

“தோலு உரியத் தேய்ச்சுக் குளிச்சேன். சோறு போடுறவனை மதிக்காத நாய்க்கு எதுக்குச் சோறு?” என்று அப்பா கத்தினார்.

நானும் அவர் பக்கம்தான். இரண்டு நாள் அவளைப் பட்டினி போட்டுவிட்டு, அப்பாவையே கையால் சோற்றை நீட்டச் சொன்னேன். அவளுக்கு எச்சில் ஒழுகியது. ஆனாலும் கிட்டே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர், அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார். நாய் சொன்னபோது பட்டினி போட்ட நான், டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்பா போய்விட்டார். பிறகு நாயும் போய்விட்டாள். இப்போது மருந்து அடிப்பது நான். குளித்துவிட்டு வந்ததும் அவள் போட்ட குட்டியைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். நேற்று அது வாலை ஆட்டியது. கிட்டே வரவில்லை.

இன்று இரண்டு தடவை குளித்துவிட்டேன். அதை இன்னும் கூப்பிடவில்லை.