நாங்கள் குடிபோகாத டெக்சஸ்

டெக்சஸ் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்த மாநிலம் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் அங்கே குடியிருந்ததுகூட இல்லை. ஆனால் பத்து வயதில் நான்கு மாத காலம் நான் டெக்சஸில் இருப்பதாக ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள். நம்பவைத்தது என் அப்பா. பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

குரோம்பேட்டையில் மூன்றாம் வகுப்பு முடித்த கையோடு என்னை ஃப்ரீமான்ட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இங்கே யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், நான் பதிலை மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டி முடிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குத் தாவியிருப்பார்கள். பொறுமையாகக் காத்திருந்தவள் மரிசோல் ஒருத்திதான். அவள் என் பள்ளிக்கூடம் அல்ல, பக்கத்து ஊரான யூனியன் சிட்டிக்காரி. அப்பா என்னைச் சேர்த்துவிட்ட சாக்கர் டீமில் அவள் கோல்கீப்பர். அவளுக்கு முன்னால் நிற்கும் கடைசி டிஃபெண்டர் நான். ஆட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கத்திக்கொண்டே இருப்பாள். இடது பக்கம் போ, விட்டுவிடு, அது என் பந்து, சபாஷ். என் ஆங்கிலத்தில் பாதி அந்தக் கத்தலில் வந்ததுதான்.

அது டிராவல் டீம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சனிக்கிழமை காலையில் பெற்றோர்கள் தூக்கக் கலக்கத்தோடு கார் ஓட்ட, முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் மைதானத்துக்குப் போய் ஆடிவிட்டு வருவோம், அவ்வளவுதான். ஆனால் சேர்வதற்கு ஏகப்பட்ட சடங்கு உண்டு. ஒவ்வொரு மே மாதமும் ட்ரை-அவுட் வைப்பார்கள். ஓடவிட்டு, உதைக்கவிட்டுப் பார்த்து, யாரை எடுக்கலாம் என்று முடிவு செய்து, உங்கள் பெண்ணுக்கு அடுத்த வருடம் எங்கள் டீமில் இடம் தருகிறோம், இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள். அந்த வருடம் எனக்கும் மரிசோலுக்கும் ஒரே மாலையில் வந்தது. அப்பா என்னை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார்.

"இதுல அக்செப்ட்னு ப்ரெஸ் பண்ணிட்டா வாக்கு குடுத்த மாதிரி, குட்டி. ஒரு வருஷம் இவங்களோடதான். நடுவுல மாத்திப் பேசக் கூடாது. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. நானே அழுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய கிளப்பிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் வந்தது. அவர்கள் டீமில் ஒரு பெண் விலகிவிட்டாளாம், ஓர் இடம் காலியாம். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மகள் ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்தாள். அந்த நண்பர் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அப்பாவுக்கு என்னவெல்லாம் ஓதினாரோ தெரியாது. அங்கே ஆடினால் காலேஜ் அட்மிஷனுக்கு உதவும் என்றார் அப்பா. எனக்கு அப்போது பெருக்கல் வாய்ப்பாடே முழுதாக வராது. "வாக்கு குடுத்தோமே?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். எது வேறு, எப்படி வேறு என்று இதுவரை அவர் விளக்கவில்லை.

அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். டீம் மாறுகிறவர்கள் எத்தனையோ பேர். கோச்சிடம் போய், மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு கிளப்பில் இடம் கிடைத்தது, போகிறோம் என்று சொன்னால் அவர் கொஞ்சம் வருத்தப்படுவார், அதோடு முடிந்தது. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். அப்பாவும் அதைச் சொல்லத்தான் கிளம்பினார். வழி நெடுக ஸ்டியரிங்கைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கோச் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். ஆட்ட இடைவேளையில் எங்களுக்காக ஆரஞ்சுப் பழத்தை நறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். எங்களைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டு அப்பாவின் தோளில் கை போட்டு, அடுத்த வருடம் உங்கள் மகளை நம்பித்தான் என் டிஃபென்ஸே இருக்கிறது என்றார். அப்பா ஓர் ஆரஞ்சுத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒருவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல என் அப்பாவுக்கு வரவே வராது. எங்கள் சொந்தக்காரர்கள் அதை முகதாட்சண்யம் என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். நான் கோழைத்தனம் என்பேன். அந்த வாரம்தான் டெக்சஸில் இருக்கும் சித்தப்பா புது வீடு வாங்கி, தினமும் ஃபோன் செய்து அறை அறையாக வர்ணித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வாய்க்கு அதுதான் சிக்கியது. நாங்கள் குடும்பத்தோடு டெக்சஸுக்குக் குடிபோகிறோம் என்று சொல்லிவிட்டார்.

நான் அதை உண்மை என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். என் அழுகையைப் பார்த்த கோச் முழுதாக நம்பியிருப்பார் என்றுதான் அப்பா எண்ணினார். காரில் ஏறியதும், "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் குட்டி" என்றார். வீட்டில் அம்மா விடவில்லை.

"வேற கிளப்னு சொல்ல வாய் வரல, வேற ஸ்டேட்டுன்னு சொல்ல மட்டும் வந்துதா உங்களுக்கு?"

அதற்குள் விஷயம் கை மீறிப் போயிருந்தது. ஜூன் கடைசிச் சனிக்கிழமை மைதானத்தில் எனக்குப் பிரிவு விழா வைத்தார்கள். டெக்சஸ் வரைபடம் போட்ட கேக் வாங்கியிருந்தார்கள். அம்மா மனசு கேட்காமல் பெரிய தட்டு நிறையக் கேசரி கிளறி அனுப்பினாள். எல்லாரும் அதை ஆரஞ்சு கேக் என்று நினைத்துச் சாப்பிட்டார்கள். உண்மையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். வாக்குக் கொடுத்தால் மாறக் கூடாது என்பது எனக்கு மட்டும் போட்ட சட்டம் போலிருக்கிறது.

மரிசோல் அழவில்லை. என் புது முகவரியைக் கேட்டாள். அவளிடமும் ஃபோன் கிடையாது, என்னிடமும் கிடையாது. அவள் அம்மா தபால் நிலையத்தில் வேலை பார்த்ததால், அவளுக்குக் கடிதம் எழுதுவது பெரிய விஷயமே இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து, கேக் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, சித்தப்பா வீட்டு முகவரியைத் தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மரிசோல் பின்கோடு எண்ணை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

ஜூலையில் முதல் கடிதம் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினார். உள்ளே தன் முகவரியை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி ஒரு காலிக் கவரையும் வைத்திருந்தாள், நான் பதில் போடுவதற்காக. அப்பாவும் சித்தப்பாவும் படித்த எஞ்சினியர்கள் அல்லவா, உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் எழுதும் பதிலை அப்பா ஸ்கேன் செய்து அனுப்புவார். சித்தப்பா அதை பிரிண்ட் எடுத்து அந்தக் கவரில் போட்டு டெக்சஸ் தபால் பெட்டியில் சேர்ப்பார். நான் எழுத உட்கார்ந்தால் அப்பா ஃபோனில் டெக்சஸ் வெயில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார். இப்படி மூன்று கடிதம் வந்தது, மூன்று பதில் போனது. புது டீமில் கீப்பர் எப்படி, உன் பின்னால் நின்று யார் கத்துகிறார்கள் என்று ஒன்றில் கேட்டிருந்தாள். நல்லவள்தான், ஆனால் சத்தம் போதாது என்று எழுதினேன். அது மட்டும் பொய்யில்லை.

அந்த நான்கு மாதமும் எங்கள் குடும்பம் சொந்த ஊரிலேயே தலைமறைவாக வாழ்ந்தது. மௌரி அவென்யூ மளிகைக் கடையில் பழைய டீம் மேனேஜரைக் கண்டு, அப்பா அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். அம்மா கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் அந்தப் பெரிய கிளப்பில் நான் கண்டது பெஞ்ச். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இறக்கிவிட்டால் அதிகம்.

அக்டோபரில் நடக்க வேண்டியது நடந்தது. பழைய கிளப்புக்கும் புதுக் கிளப்புக்கும் நேருக்கு நேர் போட்டி. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார் அப்பா. இன்னொரு பொய்யா என்று அம்மா ஒரே பிடியாக அனுப்பிவைத்தாள். இரண்டாம் பாதியில் என்னை இறக்கினார்கள். ஒரு கார்னர் கிக்குக்காக எதிரணி கோல் பக்கம் போய் நின்றேன். மரிசோல் என்னைப் பார்த்தாள். முதலில் அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். அதை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை.

"நீயா! எப்ப வந்தே?"

அப்பா அங்கே இல்லை. தூரத்தில் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "சும்மா, லீவுக்கு வந்தேன்" என்றேன். புதுக் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகில் என் பெயரையும் எழுதிக்கொண்டு நான் அதைச் சொன்னேன். அவள் என் சட்டையைப் பார்த்தாள். "ஓகே" என்று சொல்லிவிட்டுப் பந்தைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கோச் நேராக அப்பாவிடம் வந்தார். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கோச்சோ சிரித்துக்கொண்டே, டெக்சஸில் வெயில் எப்படி என்று கேட்டார். பழைய கிளப் கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் புதுக் கிளப்பில் ஆட முடியுமாம். அந்தத் தாளில் அவர் கேக் வெட்டுவதற்கு முந்தின வாரமே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் விழா வைத்திருக்கிறார். அப்பாவின் மானம் போகக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. இருவரும் கை குலுக்கினார்கள், தோளில் தட்டிக்கொண்டார்கள்.

"தங்கமான மனுஷன். மனசுல எதுவும் வச்சுக்கல" என்று காரில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பாரம் இறங்கிப் பாட்டுக்கூடப் போட்டார். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஐந்து நிமிடத்தில் மன்னித்துக்கொண்டார்கள். அவ்வளவு பேரில் உண்மையாக ஏமாந்தவள் மரிசோல் ஒருத்திதான். அவள் பெயரை அன்றைக்குக் காரில் யாரும் எடுக்கவில்லை, நான் உட்பட.

பத்து நாள் கழித்துச் சித்தப்பா ஃபோன் செய்தார். டெக்சஸ் முகவரிக்கு இன்னொரு கடிதம் வந்திருக்கிறதாம். படத்தை அனுப்பினார். முழுத்தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. டெக்சஸ் எப்படி இருக்கிறது?

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அவள்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"உள்ள ஸ்டாம்ப் ஒட்டின கவர் ஒண்ணு வச்சிருக்காம்மா, எப்பவும் போல. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார் சித்தப்பா.

"தூக்கிப் போட்டுடுங்க சித்தப்பா" என்றேன்.

கிண்டல் செய்கிறவர்கள் பதிலுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.