சவுரியம்மாளைக் குளிப்பாட்டியவர்கள்

ஜெயம் இதைச் சாகும்வரை ஒரே மாதிரிதான் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்தது 1943 சித்திரையில். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு சேரியில். அதுவும் பட்டப்பகலில்.

அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, சவுரியம்மாள். தாயில்லாத ஜெயத்தைக் கேப்பைக் கூழ் ஊற்றி வளர்த்து, விழுப்புரத்தில் ஒரு ரயில்வே கூலிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தவள். சேரியில் யார் செத்தாலும் ஆயாதான் குளிப்பாட்டுவாள். அந்த வருஷம் வாந்திபேதி வந்தது. பெற்ற பிள்ளைகளே பிணத்தைத் தொடப் பயந்தார்கள். ஆயா பயப்படவில்லை. "மண்ணுக்குள்ள போறவங்கள அழுக்கோட அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

கடைசியில் வியாதி அவளையும் பிடித்தது.

ஆயா செத்த செய்தி கேட்டதும் ஜெயம் ரயிலேறி வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். சேரியில் ஒரு அடுப்பும் புகையவில்லை. பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆயா வீட்டுக்கு எதிரே, புளியமரத்தடியில், குழி வெட்டும் முத்துசாமி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போவாதம்மா. புள்ளத்தாச்சி நீ. அப்படியே பாயில சுத்தி எடுத்துக்கினு போயிடறேன்."

"குளிப்பாட்டாமயா? எங்க ஆயாவையா?"

ஜெயம் குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். நிறைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது...

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

சளக்... சளக்...

வளையல் சத்தம். பெண்கள் மெதுவாகப் பேசிக்கொள்ளும் சத்தம். நடுவில் ஒரு குழந்தையின் இருமல். தெருப் பெண்கள் மனசு மாறி வந்துவிட்டார்கள் என்று ஜெயத்துக்கு அழுகையே வந்தது.

வாசலில் சாத்தியிருந்த ஓலைப் படலைத் தள்ளினாள். உள்ளிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"வராத. கொடத்த மட்டும் குடு."

படல் கொஞ்சம் விலகியது. ஒரு கை நீண்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிப் பிறந்த கை. குடத்தை வாங்கும்போது ஜெயத்தின் மேல் பட்டது.

சில்லென்றிருந்தது. அந்த வெயிலில்.

ஜெயம் வாசலிலேயே நின்றாள். அந்தக் குடிசைக்கு வேறு வழி கிடையாது.

சத்தம் நின்றது.

யாரும் வெளியே வரவில்லை.

"யக்கா..."

இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

படலைத் தொட்டாள். தானாகத் திறந்தது.

உள்ளே ஆயா மட்டும்.

ஈரத்தலை சீவி முடிந்திருந்தது. கண் மூடி, கைகள் மார்பின் மேல் கூப்பியிருந்தன. பக்கத்தில் காலிக் குடம்.

வேறு யாரும் இல்லை...

ஜெயம் புளியமரத்துக்கு ஓடினாள்.

"மாமா, உள்ள போன பொம்பளைங்க யாரு?"

"யாரும் போவலியே. நான் இங்கயேதான குந்திக்கினு இருக்கேன்."

விரல் ஒட்டிய கையைச் சொன்னாள். முத்துசாமி எழுந்து நின்றுவிட்டார்.

"அது வெள்ளையம்மா கை. போன வாரம் செத்துப்போச்சு. ஒங்க ஆயாதான் குளிப்பாட்டி அனுப்புச்சு."

மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர், வெட்டாமலே திரும்பி வந்து ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆயா குளிப்பாட்டி அனுப்பியவர்களின் புது மண்மேடுகள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

ஓரத்தில் இருந்த, ஒரு குழந்தையின் சின்ன மேடும்.