கலங்கலை உடைத்த காலை

அப்போது நான், வெளிநாட்டு உதவிப் பணத்தில் சீரமைத்த பாசன ஏரிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அந்த உதவியால் உழவர்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி. எடுத்துக்கொண்ட ஏரிகளில் ஒன்று ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. தாம்பரம் போகும் ரயிலைப் பிடிப்பதற்கு முன் கரையில் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம்.

கரையைப் பலப்படுத்தி, உபரி நீர் வழிந்தோடும் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். கூடுதலாகத் தேங்கும் தண்ணீரில் இன்னொரு போகம் விளையும் என்பது திட்டம். ஆனால் வேலை முடிவதற்குள் வயலில் பெரும்பகுதி மனையாகிவிட்டது. எங்கள் வீடும் அப்படி ஒரு வயலின்மேல்தான் நின்றது. மிச்சமிருந்த நிலத்தில் நெல் போட்டவர்களில் ஓர் அக்கா இருந்தார். களையெடுத்துக்கொண்டே என் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். "வெள்ளக்காரன் துட்டு குடுத்தா இன்னா, மழ பெய்யணுமில்ல?" என்பார்.

அந்த வருடம் பெய்தது. ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனாலும் ஏரி ஏறிக்கொண்டே போனது. அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அம்மாவால் தனியாக அவரைப் புரட்டக்கூட முடியாது.

ஒரு காலை, எங்கள் மனைப்பிரிவில் குடியிருப்பவர்கள் கடப்பாரையோடு கரைப்பக்கம் போவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன். ஏரி மட்டம் இறங்கட்டும் என்று கலங்கலை உடைக்கத்தான் போகிறார்கள் என்பது தெரிந்தது. அங்கே அக்காவும் ஊர்க்காரர்கள் சிலரும் வழியை மறித்து நின்றிருந்தார்கள்.

"இத்த ஒடச்சிட்டா தையில எங்க பயிருக்குத் தண்ணி ஏது? கர தாங்கும், கை வெக்காதீங்க," என்றார் அக்கா.

"உங்க நெல்லுக்காக எங்க குடும்பம் சாகணுமா?" என்று எங்கள் எதிர்வீட்டு சார் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா இந்த ஏரியப் பத்தி ரிசர்ச் பண்ற? சொல்லு, உடைக்கலாமா, வேணாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடைத்தால் வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளில் தண்ணீர் பாயும், பிறகு எங்கள் தெருவில். உடைக்காமல் விட்டுக் கரை போனால் எதுவும் மிஞ்சாது.

"எனக்குத் தெரியல சார்," என்றேன்.

அந்த நேரத்தில்தான் மதகுப் பக்கமிருந்து யாரோ அலறினார்கள். கரையின் வெளிச்சரிவில் ஓரிடத்தில் தண்ணீர் கொட்டியது. தெளிந்த தண்ணீர் இல்லை, மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி மண் சரிந்தது, அப்புறம் ஒரு கூடை மண். கீழே எங்கள் மொட்டை மாடி தெரிந்தது. ஓட வேண்டும் என்று நினைத்தேன். சரியும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அந்தத் தண்ணீரைப் பார்த்தார். ஒருமுறை வயலைப் பார்த்தார்.

"இன்னாடா பாத்துகினு கீறீங்க? ரெண்டு பேரு ஓடிப் போயி குடிசைங்கள காலி பண்ணுங்க. மத்தவங்க ஒடைங்க!"

தடுத்து நின்றவர்களே கடப்பாரையை வாங்கிக்கொண்டார்கள். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒங்கப்பா வூட்ல படுத்துகினு கீறாரில்ல? ஓடும்மா!"

ஓடினேன். முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொரு சத்தமும் கரை உடைந்த சத்தமாகவே கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அம்மாவும் நானும் எதிர்வீட்டு சாரின் மனைவியும் அப்பாவைப் போர்வையோடு தூக்கி அவர்கள் வீட்டு மாடி அறைக்கு ஏற்றினோம். அப்பா வலியில் கத்தினார். பாதிப் படியில் இருக்கும்போதே தெருவுக்குள் தண்ணீர் நுழைந்துவிட்டது. செருப்புகளையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் தள்ளிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தது. கரை உடைந்திருந்தால் அப்படி வந்திருக்காது. அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மாடிக்குப் போனதும் அம்மாவின் கையை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

கரை நின்றது. சண்டை போட்ட இரண்டு தரப்பினரும் மாலைவரை மணல் மூட்டை அடுக்கி அந்த ஓட்டையை அடைத்தார்கள். எங்கள் வீட்டில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. குடிசைகளில் சுவர்கள் போயின, ஆட்கள் பிழைத்தார்கள்.

உடைத்த இடத்தை அந்தப் பருவம் முழுக்க யாரும் கட்டவில்லை. ஏரி வடிந்து, கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் இல்லாமல் அக்காவின் நெல் பாதி பதராகிப்போனது. பார்க்கப் போயிருந்தபோது, "பயமே இல்லாம எப்படிக்கா நின்னீங்க?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? அந்த மண்ணுத் தண்ணியப் பாத்ததும் இன்னா பேசினேன்னே நெனப்பு இல்ல."

அடுத்த வருடம் அவர் நெல் போடவில்லை. நிலத்தை விற்றுவிட்டுப் பொத்தேரிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டார்கள், அந்த ஏரித் திட்டம் வெற்றியா தோல்வியா என்று. கூடுதல் தண்ணீரைத் தேக்குவதுதான் திட்டம், ஏரி தேக்கியது. யாருக்காக என்பதுதான் வேலை முடிவதற்குள் மாறிவிட்டது என்றேன். பட்டம் கொடுத்தார்கள்.

கலங்கலைப் பிறகு பழைய மட்டத்துக்கே இறக்கிக் கட்டினார்கள். நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால், கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.