இன்ஜின் செட் ஆகும் வரை

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ‘செட்’ ஆகவில்லை. ஒன்று, சித்தப்பாவின் அம்பாசிடர் கார். இன்னொன்று, என் அத்தை. இரண்டைப் பற்றியும் பெரியவர்கள் ஒரே வார்த்தைகளில் பேசிக்கொண்டதால் எனக்கு உண்டான குழப்பம் தெளிய வெகுகாலம் ஆயிற்று.

சித்தப்பா கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டினார். டீசல் வண்டி. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடி, பின்னால் வருகிறவர்கள் முகமெல்லாம் கரியாகும்படி புகை விட ஆரம்பித்தது. இன்ஜினை இறக்கி, பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயின் உள்பக்கத்தைக் கடைந்து ‘போர்’ பண்ணி, புது பிஸ்டன் போட்டார்கள். வண்டி திரும்பி வந்த அன்று மெக்கானிக் பின்கண்ணாடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டினார். ‘ரன்னிங்கில் உள்ளது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. புது இன்ஜின் ஓடிப் பழகும் வரை நாற்பதுக்கு மேல் போகக்கூடாது, பாரம் ஏற்றக்கூடாது, மேட்டில் டாப் கியரில் முக்க விடக்கூடாது என்று, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார்.

“புதுசுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒரசத்தான் செய்யும் அண்ணாச்சி. ஓட ஓட செட் ஆயிரும்.”

இதை நான் முன்பே கேட்டிருந்தேன். தையில் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்குப் போன அத்தை, வைகாசியில் ஒரே ஒரு பையோடு தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்போது அப்பா அவளிடம் இதையேதான் சொன்னார். அத்தைக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அம்மாதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். ஆகவே அத்தையும் ரன்னிங்கில் இருக்கிறாள், அவளும் பாரம் தூக்கக்கூடாது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அவள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடிப்போய்ப் பிடுங்குவேன்.

சாயங்காலங்களில் சித்தப்பா காலி வண்டியைப் பசுவந்தனை ரோட்டில் ஓட்டிப் பழக்குவார். ஒரே வேகத்தில் போனாலும் ஆகாதாம். கூட்டியும் குறைத்தும் போக வேண்டுமாம். அத்தை பின் சீட்டில், நான் முன் சீட்டின் நடுவில். வேகம் காட்டும் முள் அந்த வண்டியில் நடுவில்தான் இருக்கும், என் மூக்குக்கு நேராக. முள் நாற்பதைத் தொட்டதும் “நாப்பது” என்று கத்துவது என் பொறுப்பு. அதற்குப் பிறகு சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்த எந்த வேலையிலும் எனக்கு அவ்வளவு கர்வம் இருந்ததில்லை.

ஆனி பிறந்த பிறகு ஆயில் மாற்றப் போனோம். இறக்கிய ஆயிலை மெக்கானிக் விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். பொடிப்பொடியாக மின்னியது. தேய்ந்து வந்த இரும்புத்தூள் என்றார். அத்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“தேயுதது எது? பிஸ்டனா, போரா?”

“ரெண்டுந்தாம்மா. ஒண்ணு மட்டும் தேஞ்சா அதுக்குப் பேரு செட் ஆவுதது இல்ல.”

பிறகு அவர் பின்கண்ணாடிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். இன்ஜின் செட் ஆகிவிட்டது, இனிமேல் பயமில்லாமல் ஓட்டலாம் என்றார். நான் கை தட்டினேன். சித்தப்பாவோ திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணாடி வழியாக அத்தையையே பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல செய்திக்கு ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனி கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அதனால் அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். நாலரைக்கு ராகுகாலம். அது கழிந்தால் விளக்கு வைக்கிற நேரம், அதுவும் ஆகாது. எனவே நாலரைக்குள் அந்த வீட்டு வாசலில் அத்தையின் கால் பட்டாக வேண்டும். அத்தை பையை எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தால், காரின் பின்கண்ணாடியில் புதிதாக ஒரு காகிதம். ‘ரன்னிங்கில் உள்ளது’. எழுத்து சித்தப்பாவுடையது. பசை இன்னும் காயவில்லை.

செட் ஆன இன்ஜின் மறுபடி எப்படிப் புதுசாகும்? கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

“நீ முள்ளப் பாரு” என்றார் சித்தப்பா.

பார்த்தேன். முள் முப்பதைத் தாண்டவே இல்லை. மூட்டை ஏற்றிய ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், காற்றுக்குப் புழுதியாக எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வெரசா போலே.”

“வெரட்டுனா பிஸ்டன் ஜாம் ஆயிரும்ணே. பெறவு நடுரோட்டுல நிக்கணும்.”

அப்பாவுக்கு இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாது. எழுதி ஒட்டியிருந்தால் நம்புவார். தினசரிக் காலண்டரை நம்புவதும் அப்படித்தான். பாதி வழியில் சித்தப்பா வண்டியை நிறுத்தி பானெட்டைத் தூக்கினார். சூடு ஏறுகிறதாம். என்னைக் கூட்டிக்கொண்டு தூரத்திலிருந்த பம்புசெட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்தார். வரும் வழியில் அதை ஒரு வேப்பமரத்து மூட்டில் கொட்டிவிட்டு, மறுபடியும் போய்ப் பிடித்தார். மரத்துக்கும் சூடு ஏறியிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கழுகுமலையில் ஒரு டீக்கடைப் பக்கம் மறுபடி நிறுத்தி, மறுபடி பானெட்டைத் தூக்கி, குடத்தோடு போனார் சித்தப்பா. அப்பா பின்னால் திரும்பி அத்தையிடம் பூப்பொட்டலத்தை நீட்டினார்.

“வச்சுக்கிடு. அங்கன வெறுந்தலையோட எறங்காத.”

அத்தை பிச்சிச்சரத்தைப் பிரித்துப் பின்னலுக்குக் கொண்டுபோனாள். வலது கை கழுத்துவரைதான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கினாள். பிறகு இடது கையால் முயன்றாள். பூ மடியில் விழுந்தது. அதை எடுத்து, சிரித்த முகமாகவே என்னிடம் நீட்டினாள். நான் சீட்டில் மண்டியிட்டு எட்டி அவளுக்கு வைத்துவிட்டேன். கோணலாகத்தான் வைத்தேன்.

அப்பா திரும்பிய கழுத்தைத் திருப்பாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா குடத்தோடு வந்து நின்றார்.

“நேரம் போயிட்டு. வண்டியத் திருப்பு” என்றார் அப்பா.

எனக்கு அப்போதுதான் மணி பார்க்கத் தெரிந்திருந்தது. டீக்கடைக் கடிகாரத்தில் சின்ன முள் நாலில் இருந்தது, பெரிய முள் இரண்டைக்கூடத் தொடவில்லை.

“இன்னும் நாலரை ஆகலப்பா.”

“போயிட்டுன்னு சொல்லுதேம்லா.”

சித்தப்பா ஒன்றும் புரியாதவர்போல் குடத்தைப் பிடித்தபடி நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது வண்டி பறந்தது. “நாப்பது” என்றேன். முள் ஏறிக்கொண்டே போனது. “அம்பது. சித்தப்பா, அறுபது.” பிஸ்டன் ஜாம் ஆகி நடுரோட்டில் நிற்கப் போகிறோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து முள்ளைக் காட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார்.

“அது கெடக்கட்டும், பேசாம வா” என்றார்.

பின்னால் அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் வைத்திருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணில் புழுதி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஆடி முடிந்து ஆவணியில் சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பெரியவர்கள் அத்தையைக் கூப்பிட வந்தார்கள். அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுத்து, தெருவுக்குக் கூட்டிப் போய், காரின் பின்கண்ணாடியைக் காட்டினார்.

“வண்டி இன்னும் ரன்னிங்ல இருக்கு. செட் ஆவட்டும், பாப்போம்.”

பஸ்ஸில் அனுப்பலாமே என்றார்கள் அவர்கள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

அவர்கள் போனபிறகு அப்பா அந்தக் காகிதத்தின் ஒரு முனை பிரிந்து தொங்குவதைப் பார்த்தார். அம்மாவிடம் மைதா மாவில் பசை காய்ச்சித் தரச் சொல்லி, தானே தடவி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். அதற்கு முந்தின நாள்தான் அதே வண்டி ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய் வந்திருந்தது.

நான் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, இன்ஜின் எப்போதோ செட் ஆகிவிட்டது, மெக்கானிக்கே சொன்னார், நான் என் காதால் கேட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன். பாவம், இத்தனை நாளாகியும் அப்பாவிடம் யாருமே இதைச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.