இரண்டு குழாய், இரண்டு வில்லை

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. கட்டில் காலில் பித்தளை மோதும் சத்தம். சற்று மௌனம். பிறகு கம்பியை முறுக்கும் கரகரப்பு. மறுபடியும் பித்தளை.

சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த சத்தியவதியின் கை நின்றது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து இன்னும் செருப்பைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாரே மனிதர்!

"என்னங்க, இன்னுமா கட்டுதிய?"

அவள் உள்ளறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். தேவநேசன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலின் ஒரு காலில் ஒரு பித்தளை வில்லை, மறு காலில் இன்னொன்று. கட்டுவார், வெட்டுவார், மறுபடி கட்டுவார். ஒன்பது நாளாக இதே வேலை.

"எதை முதல்ல எடுத்தேன்னு பாக்கேன் சத்தியா. மனசுக்கு மறந்தாலும் கைக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"கைக்கு வாய் இருந்தா சொல்லும். இல்லாட்டா கட்டில் காலுதான் தேயும். எந்திரிச்சு வாங்க."

அவர் எழவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

தேவநேசன் பிறந்ததே வடக்கே, கட்கிப் பட்டாளக் குடியிருப்பில்தான். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து கன்டோன்மென்டுக்கு வேலை தேடி வந்தவர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, எழுத்து மட்டும் முத்து முத்தாக வந்தது. பதினாறு வயதில் சிப்பாய்களின் தகரப் பெட்டிகளில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் நம்பரும் எழுதத் தொடங்கினார். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சிஞ்ச்வட் தொழிற்சாலை ஒன்றில், 1970ல், அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வேலை, குழாய்களுக்கு அடையாளம் போடுவது.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். குழாய்க்கு எதற்கு அடையாளம்? தேவநேசன் சிரிக்கமாட்டார். ஒரு கொட்டகைக்குள் தண்ணீர் போகும், நீராவி போகும், எண்ணெய் போகும், எரிவாயு போகும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே இரும்பு. தண்ணீருக்குப் பச்சை, காற்றுக்கு நீலம் என்று பட்டை போட்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி எழுதி, வால்வுக்குப் பக்கத்தில் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கம்பியால் கட்டவேண்டும். எரிவாயு ரப்பர் குழாயை இணைக்கும் கப்ளிங்கில் மரை இடப்பக்கமாக ஓடும். அதன் நட்டு விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே அவர் சொல்லிவிடுவார். அதைத் தவறான இடத்தில் மாட்டப் போனால் மரையே ஏறாது, இரும்பே மனிதனைத் தடுத்துவிடும்.

ஆனால் புதுக் கொட்டகையில் காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் ஒரே அளவு கப்ளிங் வைத்துவிட்டார்கள். எதை எதில் மாட்டினாலும் ஏறும். அங்கே பட்டையும் வில்லையும்தான் காவல். அதனால் தேவநேசன் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். குழாயில் பட்டை இல்லாத நேரத்தில் வில்லையைக் கழற்றக்கூடாது. பதினோரு வருடம் அதை அவர் மீறியதில்லை.

1981 தசரா வந்தது. அதற்கு முந்தின நாள் கண்டே நவமி, ஆயுதங்களுக்குப் பூசை. அதற்காகக் கொட்டகை முழுக்கக் கழுவி, குழாய்களுக்கெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். பட்டைகள் மறைந்தன. பெயின்ட் காய்ந்து, விடுமுறையும் முடிந்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தார். அப்போதுதான் பத்ரிநாத் வந்தான். மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலைக்காரன். எப்போதும் வாய் நிறையச் சிரிப்பு.

"தேவா பாய், குழாயெல்லாம் மாப்பிள்ளை மாதிரி மின்னுது, வில்லை மட்டும் கிழவன் பல்லு மாதிரி இருக்கே! கழட்டு, புளி போட்டுத் தேய்ச்சுத் தரோம்" என்றான் ஹிந்தியில்.

எல்லாரும் சிரித்தார்கள். தேவநேசனும் சிரித்தார். "சரி, கழட்டுங்க" என்றார்.

தேய்த்த வில்லைகள் தங்கம்போல் வந்தன. அதற்குள் ஆரத்திக்கு மணி அடித்துவிட்டது. பத்ரிநாத் ஓடிக்கொண்டே கத்தினான்: "தேவா பாய், காசிம்! நீங்க ரெண்டு பேரும் ஆரத்திக்கு வரமாட்டீங்களே, அதுக்குள்ள கட்டிடுங்க!"

காசிம் பக்கத்துக் கசார்வாடிப் பையன், தற்காலிக ஃபிட்டர். கல்யாணமாகி ஆறு மாதம். கொட்டகை மூலையில் தேங்காய் உடைபட, தாளம் முழங்க, கிறிஸ்தவர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் ஏணி மேல் நின்று வில்லை கட்டினார்கள். கடைசியில் இரண்டு குழாய், இரண்டு வில்லை மிச்சம். ஆளுக்கொன்று கட்டினார்கள்.

தசரா முடிந்த மறுநாள் காலை, பத்ரிநாத் தலையில் முகமூடியை மாட்டிக்கொண்டு, மூச்சுக்குக் காற்று வரும் அதன் ரப்பர் குழாயைக் 'காற்று' என்று வில்லை தொங்கிய வால்வில் சொருகினான். வந்தது மூச்சுக்கு உதவாத நைட்ரஜன். அதற்கு மணம் இல்லை, தொண்டை கமறுவதில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சரிந்து விழுந்தான். மருத்துவமனையில் நான்கு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தான். எதிரே நின்று கதறிய மனைவி பார்வதியைப் பார்த்து, "அம்மா, பசிக்குது" என்றான். ஐயோ, அந்தப் பெண் அன்று அழுத அழுகை!

அதே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காசிம் தேவநேசனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், எனக்கு ஞாபகமே இல்லை. உங்களுக்கு?" என்று கேட்டான். தேவநேசனுக்கும் இல்லை. எத்தனை ஆயிரம் வில்லை கட்டிய கை அது! நினைத்துப் பார்த்தால் எல்லா நாளும் ஒரே நாளாகக் குழம்பியது. விபத்து நடந்த அன்றே அவரை வேலைக்கு வரவேண்டாமென்று நிறுத்திவைத்திருந்தார்கள். நாளை திங்கட்கிழமை விசாரணை.

கதவு தட்டப்பட்டது.

வந்தவர் விஸ்வேஸ்வரன். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. கும்பகோணத்துக்காரர்.

"வாங்க சார், உக்காருங்க. சாயா போடுதேன்" என்றாள் சத்தியவதி.

"வேண்டாம்மா. போட்டிருந்தா குடுங்கோ" என்று உட்கார்ந்தார். "தேவநேசன், இப்படி வாங்கோ. நான் வந்தது யாருக்கும் தெரியப்படாது."

பையிலிருந்து டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். "ரெண்டு வில்லையையும் கட்டினது காசிம்னு இதுல இருக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டேள்னா காரியம் முடிஞ்சுது. அவன் டெம்பரவரி. வேற எடம் பார்த்துப்பான். உங்களுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ்."

"அவனும் அப்படித்தான் சொல்லுதானா சார்?"

"அவன் ஞாபகமில்லேங்கறான். ஞாபகமில்லாதவன் மேலே எதை எழுதினாலும் நிக்கும்." அவரே அந்த வார்த்தைக்குக் கூசியவர்போல் ஓர் உறையை எடுத்துக் கவிழ்த்தார். "இது ரெண்டும் நீங்க பொறிச்ச வில்லைதானே? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ."

இரண்டு வில்லைகள். வால்விலிருந்து வெட்டி எடுத்த கம்பி, முறுக்கு அவிழாமல் அப்படியே இருந்தது. தேவநேசன் குனிந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் சத்தியவதி.

"நான் இடதுகைக்காரன். என் முறுக்கு இப்படி ஓடும். காசிமுக்கு வலது கை, எதிர்ப்பக்கம் ஓடும்." வில்லையில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினார். "'காற்று'ன்னு இருக்கிறதை நான் கட்டியிருக்கேன். 'நைட்ரஜன்' அவன் கட்டினது. பத்ரி குழாயைச் சொருகினது என் வில்லையைப் பாத்து, சத்தியா!"

விஸ்வேஸ்வரன் வில்லையை வாங்கிக் கம்பியைப் பார்த்தார்.

சத்தியவதிதான் முதலில் தேறினாள். "அதனால என்ன? அவன் முதல்ல தப்பாக் கட்டியிருப்பான். மிச்சம் இருந்த வில்லையை மிச்சம் இருந்த குழாயில நீங்க கட்டினிய. தப்பு அவனுதுதானே?"

"நான் முதல்ல கட்டியிருந்தா?"

"கட்டலன்னு சொல்லுங்க!"

"கட்டினேன்னும் தெரியல, கட்டலன்னும் தெரியலயே!" தேவநேசன் தலையைப் பிடித்துக்கொண்டார். "யார் முதல்ல கட்டினாங்களோ அவங்கதான் தப்பு செஞ்சது. அது யாருன்னு இந்தக் கம்பி சொல்லமாட்டேங்குதே சார்!"

விஸ்வேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "முறுக்கு விஷயம் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரியும். நான் மறந்துடறேன். போடுங்கோ கையெழுத்து."

பேனாவை நீட்டினார். சத்தியவதி கணவரின் தோளைத் தொட்டாள். போடுங்கள் என்றா, வேண்டாம் என்றா? அவளுக்கே தெரியவில்லை. வேலை போனால் இந்த வயதில் மறுபடி எங்கே போய் நிற்பது? ஆனால் காசிமின் அந்தச் சின்னப் பெண்டாட்டி, ரம்ஜானுக்கு ஷீர் குர்மாப் பாயசம் கொண்டுவந்து இதே நாற்காலியில் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாளே!

தேவநேசன் பேனாவை வாங்கினார். காகிதத்தைப் பின்பக்கமாகத் திருப்பினார். பிறகு நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதியதை விஸ்வேஸ்வரன் வாய்விட்டுப் படித்தார்.

"'பட்டை இல்லாதபோது வில்லையைக் கழற்றலாம் என்று சொன்னவன் நான். அப்படிச் சொல்லக்கூடாது என்று தெரிந்தும் சொன்னேன். ஒன்றை நான் கட்டினேன், ஒன்றைக் காசிம் கட்டினான். எது முதலில் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.'" அவர் நிமிர்ந்தார். "என்னய்யா இது? அசடா நீர்? இதுல காசிம் தப்பிச்சுடுவான். நீர் மாட்டிப்பீர்."

"மத்தது எல்லாம் குழப்பமா இருக்கு சார். 'சரி, கழட்டுங்க'ன்னு என் வாயால சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. தெரிஞ்சதைத்தானே எழுத முடியும்?"

"பத்து மணிக்கு விசாரணை. மேலே இருக்கறவா இரக்கப்பட மாட்டா."

"தெரியும் சார்."

"அந்தப் பத்ரிநாத்துக்கு இதனாலே புத்தி திரும்பிடுமா?"

தேவநேசனுக்குக் கண்ணீர்தான் வந்தது. சத்தியவதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

விஸ்வேஸ்வரன் காகிதத்தை நாலாக மடித்தார். கிழிக்கப் போகிறார் என்று சத்தியவதி நினைத்தாள். கிழிக்கவேண்டுமே என்றும் நினைத்தாள், கிழித்துவிடக் கூடாதே என்றும் நினைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வில்லைகளை உறைக்குள் போட்டார்.

"நாளைக்கு இதையே குடுத்துடறேன். நல்ல சட்டையாப் போட்டுண்டு வாங்கோ" என்றார். சாயாவைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

படியில் அவர் இறங்கும் ஓசை முற்றிலும் தேயும்வரை சத்தியவதி அங்கேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.