மூணு ஊரு ராட்டினம்

நேத்து நம்ம உத்திரமேரூர் திருவிழாவுல ராட்டினம் ஏறி எறங்கினதும் நாத்தனாருக்கு ஒரே ஆசை.

"வாலாஜாபாத், திருப்புட்குழி, காஞ்சிபுரம்னு வரிசையா திருவிழா வருது அண்ணி. மூணு ஊரு ராட்டினத்துலயும் ஏறிடணும்."

மாமியாருக்கு முடியலன்னு சொல்லி பண்ணையில மூணு நாள் லீவு வாங்கிட்டேன். மாட்டுவண்டியும் பேசியாச்சு.

மூணுல எது ஒசரம்னு இன்னிக்கு ராட்டினக்காரரைக் கேட்டேன். சிரிச்சிட்டார்.

"இன்னாம்மா நீ! அங்க வர்றதும் இதே ராட்டினம்தான். கயட்டி வண்டில ஏத்திக்கினு நான்தான் ஊர் ஊரா போறேன்."

நாத்தனார் மூஞ்சி தொங்கிப்போச்சு.

முடியாத மாமியாரோ புதுச்சேலை கட்டிக்கினு மொத ஆளா வண்டில உக்காந்துகினு கீறாங்க. "ராட்டினம் அதேன்னா இன்னா? ஊரு வேறதானே!"

அவங்களை எறங்கச் சொல்ல எனக்கு தைரியம் இல்ல. உங்கள்ல யாருக்காச்சும் இருந்தா வந்து சொல்லுங்க, வண்டி இன்னும் கெளம்பல.